விருந்தாளி விட்டுப்போன புத்தகத்தில் நான் அழித்த பதினோரு பக்கங்கள்

விடுதியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு,

போன வாரம் என் பழைய சீருடைகளைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, துணி மாற்றும் அறையில் நீங்கள் ஆறு பேரும் என்னைச் சுற்றி நின்றுகொண்டீர்கள். "அஞ்சாவதுதான் படிச்சேன்றீங்க, இங்கிலீஷ் புக்கு, பிரெஞ்சு புக்குல்லாம் எப்படிக்கா படிக்கிறீங்க? எங்களுக்கும் சொல்லிக் குடுங்க" என்று கேட்டீர்கள். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல நழுவி, பின்வாசல் வழியாக பஸ் ஏறிவிட்டேன். தலைக்கனம் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. ஆறு பேர் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் திறக்காது. இருபத்து மூன்று வருஷம் விருந்தாளிகளின் அறைகளைக் கூட்டித் துடைக்கும் இந்த வேலை பார்த்தும் அது மாறவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்குகிறேன். அதனால் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என்னைப் பார்ப்பதில்லை.

படிக்கும் விதத்தில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஷாம்பு பாட்டில், சோப்பு உறை, கதவில் மாட்டும் "தொந்தரவு செய்யாதீர்கள்" அட்டை, லாண்டரிச் சீட்டு. நான் இவற்றில்தான் எழுத்துக் கூட்டினேன். பிறகு விருந்தாளிகள் விட்டுப்போகும் புத்தகங்கள். கதைப் புத்தகமாக எடுங்கள். கதை உங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். புரியாத சொல் வந்தால் அங்கேயே நிற்காதீர்கள். நாலு பக்கம் கழித்து அதே சொல் இன்னொரு சட்டை போட்டுக்கொண்டு வரும். அப்போது அடையாளம் தெரியும். அவ்வளவுதான்.

ஆனால் அதைமட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் பாதி பொய் சொன்ன மாதிரி. படிக்கக் கற்ற கதையோடு சேர்ந்து நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதையும் கேளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஆறேழு வருஷம் முன்னால், பிரான்ஸ் நாட்டிலிருந்து ஒரு தம்பதி வந்து தோட்டத்துப் பக்க அறையில் பத்து நாள் தங்கினார்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. அந்த ஐயா காலையில் வராந்தா நாற்காலியில் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்தால், நான் அறையைக் கூட்டித் துடைத்துப் படுக்கை விரித்து முடிக்கும்வரை ஒரே பக்கத்தில்தான் இருப்பார். அவர்கள் போன பிறகு கட்டிலை நகர்த்திப் பெருக்கினேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அந்தப் புத்தகம் சொருகிக் கிடந்தது.

புரட்டிப் பார்த்தேன். இங்கிலீஷ் கதை. மழை பெய்துகொண்டே இருக்கும் ஏதோ ஊரில் கடிகாரக் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. அது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அன்று கண்ணில் பட்டது வேறு. பக்கத்துக்கு மூன்று நாலு சொல்லுக்குக் கீழே நீல மையில் கோடு. அந்தச் சொல்லுக்கு மேலே, இருக்கிறதா இல்லையா என்பதுபோல் மெலிசாகப் பென்சிலில் பிரெஞ்சு எழுத்து. அந்த ஐயா தனக்குத் தெரியாத இங்கிலீஷ் சொல்லுக்கெல்லாம் தன் மொழியில் அர்த்தம் எழுதி வைத்திருந்தார்.

வெள்ளைக்காரருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கட்டில்மேல் உட்கார்ந்துவிட்டேன். வேலை நேரத்தில் விருந்தாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாத சொல் அவருக்கும் தெரியவில்லை. அவர் திணறிய இடத்தில்தான் நானும் திணறினேன்.

விட்டுப்போன பொருளை நோட்டில் எழுதி, அலமாரியில் ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் யாரும் கேட்காவிட்டால், வேண்டியவர் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். இது உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். நான் எழுதினேன், பூட்டக் கொடுத்தேன். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அலமாரி திறந்திருந்த ஒரு மத்தியானம் எடுத்துத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஆறு மாதம் பொறுத்திருந்தால் அது சட்டப்படி என்னுடையது. ஏன் பொறுக்கவில்லை? அவசரம் பாதி. மீதிப் பாதிதான் முக்கியம். கையெழுத்துப் போட்டு எடுத்தால் எல்லோருக்கும் தெரியும். "மல்லிகா இங்கிலீஷ் கதை படிக்கிறாளாம்" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து நான் திருடினேன். கூச்சம் நல்ல குணம் என்றுதான் நம்மை வளர்க்கிறார்கள். அது என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் இது.

நெம்மேலியில் என் வீட்டில், மாலையில் கடல் காற்று வரும் பக்கம் உட்கார்ந்து படிப்பேன். வீட்டுக்காரர் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டே கிண்டல் செய்வார்.

"இன்னாமே, கலெக்டர் பரீட்சையா?"

"சும்மா இரு."

"அதுல இன்னாதான் கீது? எனுக்கும் சொல்லேன்."

"கடிகாரம் ஓடல."

"அதுக்கா இவ்ளோ பெரிய புக்கு? சாவி குடுக்கச் சொல்லு."

அவர் பென்சிலில் எழுதியிருந்ததால், எழுதித்தான் படிக்க வேண்டும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். எனக்கு முன்னால் அந்தப் புத்தகத்தைப் படித்தவர் அவர் ஒருவர்தான். அவர் செய்ததைப் பார்த்து நானும் செய்தேன். அவருடைய பிரெஞ்சுச் சொல்லுக்குப் பக்கத்திலேயே, ஒட்டினாற்போல, பென்சிலில் தமிழ் எழுதினேன். கோடு போடாத சொற்களுக்கும் எழுதினேன். அவர் பாதிப் புத்தகத்தோடு நின்றுவிட்டார். நான் கடைசிவரை போனேன். இரண்டு வருஷத்தில் நாலு முறை படித்தேன். முதல் தடவை இங்கிலீஷ் புரிந்தது. அடுத்தடுத்த தடவைகளில் அவருடைய கையெழுத்தும் பழகி, பிரெஞ்சும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அவர் எழுத்து எங்கெங்கே சாய்கிறது, எந்தப் பக்கத்தில் தூங்கி வழிந்துகொண்டு எழுதியிருக்கிறார் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

இரண்டாம் வருஷம் முடியும்போது ஒரு திங்கட்கிழமை அந்த அம்மா மட்டும் தனியாக வந்து இறங்கினார். அதே தோட்டத்து அறையைக் கேட்டு வாங்கினார். மதியம் மேனேஜரிடம் வந்து நின்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அவருக்கும் இங்கிலீஷ் குறைச்சல்தான். கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. இங்கே ஒரு புத்தகத்தை விட்டுவிட்டுப் போனார். அதில் அவர் கைப்பட எழுதியது இருக்கிறது. வீட்டில் அவர் கையெழுத்தாக இருப்பதெல்லாம் பாங்கு காகிதங்களில் போட்ட கையெழுத்துதான். அந்தப் புத்தகம் வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். சனிக்கிழமை போகிறேன்.

நான் மாற்று விரிப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்றடி தள்ளி நின்றிருந்தேன்.

நோட்டைப் புரட்டினார்கள். நான் எழுதிய வரி இருந்தது, எடுத்ததற்கான கையெழுத்து இல்லை. அலமாரியைத் திறந்தார்கள். புத்தகம் இல்லை. சாவி லாண்டரி சேகர் அண்ணனிடம் இருக்கும். மாதம் ஒருமுறை பழைய செய்தித்தாளைக் கட்டி பேப்பர் கடைக்குப் போடுவதும் அவர்தான். மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார்.

"பேப்பரோட கட்டிப் போட்டுட்டீங்களா?"

சேகர் அண்ணன் தலையைச் சொறிந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "போட்டிருந்தாலும் போட்டிருப்பேன் சார். எனுக்கு இன்னா தெரியும், எல்லாம் காகிதம்தான்."

"சனிக்கிழமைக்குள்ள அது வரணும். வரலன்னா நீங்க வேலைக்கு வர வேண்டாம்."

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புத்தகம் என் வீட்டில் அரிசி டின்மேல் இருந்தது. நான் விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டேன். அன்று மூன்று அறைகளில் தலையணை உறையை உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டியிருக்கிறேன். சூப்பர்வைசர் அம்மா பார்த்துவிட்டுத் திட்டியபோதுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை சேகர் அண்ணன் வேலைக்கு வரவில்லை. "செங்கல்பட்டுக்குப் போயிருக்கான். நம்ம பேப்பர் லோடு அங்கதான் போவுதாம், மூட்டை மூட்டையா பிரிச்சித் தேடிகினு கீறான்" என்றார்கள். மாலை பஸ்ஸில் வீடு திரும்பும்போதே ஒரு யோசனை வந்தது. பதட்டத்தில் வரும் யோசனை எல்லாம் முதலில் நல்ல யோசனை மாதிரிதான் இருக்கும். என் தமிழை மட்டும் அழித்துவிட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோய் அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டால் போதும். யாராவது "இதோ கிடக்கு" என்று எடுப்பார்கள். சேகர் அண்ணன் தப்பிப்பார், அந்த அம்மாவுக்கும் புத்தகம் கிடைக்கும், நானும் தப்பிப்பேன்.

மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்தேன். ஐந்து மணி இருக்கும். ரப்பரின் முனையை மட்டும் வைத்து முதல் பக்கத்தை அழித்தேன். அதற்கே நெடுநேரம் ஆயிற்று. கதை முந்நூறு பக்கம். வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. வீட்டுக்காரர் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் கையில் ஏறியது. முனையை விட்டுவிட்டு அகலப் பக்கத்தால் தேய்த்தேன். பக்கம் திருப்பு, தேய், ஊது. பக்கம் திருப்பு, தேய், ஊது. நம் வேலையில் கை பழகினால் கண் பார்க்காது. குளியலறைத் தரை தேய்ப்பதுபோலத்தான் தேய்த்திருக்கிறேன்.

அப்படிப் பதினோரு பக்கம் முடிந்ததும் சரியாக இருக்கிறதா என்று முதலிலிருந்து புரட்டினேன். பக்கங்கள் வெள்ளையாக இருந்தன. மிகவும் வெள்ளையாக. என் தமிழ் போன இடத்தில் அவருடைய பிரெஞ்சும் போயிருந்தது. நீலக் கோடுகள் மட்டும் மேலே ஒன்றும் இல்லாமல் நின்றன.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அழுத்தி எழுதும் ஆள் இல்லை அவர். தடம்கூட இல்லை. ரப்பர் துகளைக் கையில் கூட்டி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ அதை ஒட்டவைக்க முடியும்போல.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. பின்வாசலில் சேகர் அண்ணன் நின்றிருந்தார். கண்ணெல்லாம் சிவந்து, சட்டை முழுக்கத் தூசி.

"மல்லிகாக்கா, உனுக்குத்தான் எழுத்து தெரியும். இதப் பாரேன். நேத்து முழுக்கத் தேடினேன். மூணு கீது. மூணுலயும் பென்சில் கிறுக்கல் கீது. இதுல எதுனா ஒண்ணு அந்தம்மாவோடதா இருக்குமா?"

ஒன்று நர்ஸ் படிப்புப் புத்தகம். ஒன்று சமையல். மூன்றாவது பள்ளிக்கூடக் கணக்கு, அதன் அட்டையில் யாரோ பையன் மாடு வரைந்திருந்தான். மூன்றையும் அவர் தன் துண்டால் துடைத்து வைத்திருந்தார்.

"இல்லண்ணா" என்றேன்.

"பேஜாரு" என்று சொல்லி மூன்றையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

நான் நேராகச் சூப்பர்வைசர் அம்மாவிடம் போனேன். எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். படுக்கை விரிப்பின் மூலையை மடிப்பதிலிருந்து விருந்தாளியிடம் கண்ணைப் பார்த்துப் பேசுவது வரைக்கும். இரண்டாவது எனக்கு வரவே இல்லை. அவரிடம் புத்தகத்தைக் காட்டினேன். அது என் கையில் இருக்கும்போதே அவர் நிதானமாகப் புரட்டிப் பார்த்தார்.

"அடிப் பாவி. இத்தயெல்லாம் நீயா எழுதின?"

"ஆமாம்மா."

"இவ்ளோ படிப்ப வயித்துல வச்சிகினு எங்கிட்ட கூட வாயத் திறக்கல பாரு." கையை நீட்டினார். "எனுக்குக் குடு. நான் அலமாரிக்குப் பின்னால கெடந்துச்சுன்னு சொல்ட்றேன். தமிழ்ல யாரு எழுதினாங்கன்னு அந்தம்மா இன்னா கண்டாங்க? உன் பேரே வராது."

அவர் சொன்னது அன்பால். அவர் கை நீண்டிருந்தது. நான் கொடுத்திருப்பேன். ஆனால் ஒன்று தோன்றியது. அந்த அம்மா பக்கத்தைத் திருப்புவார். பதினோரு பக்கம் வெள்ளையாக இருக்கும். அங்கே என்ன இருந்தது என்று கேட்க அவருக்கு ஆள் இருக்க மாட்டார். அங்கே இருந்தது என்ன என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். என் பெயர் வராமல் போனால் அதுவும் வராமல் போகும்.

"நானே குடுக்கறேம்மா."

"உனுக்குப் பேச வராதேடி!"

"ஆமாம்மா" என்றேன்.

தோட்டத்து அறைக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கதவைத் தட்டி, பழக்கத்தில் "ஹவுஸ்கீப்பிங்" என்று சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து "அப்புறம் வா" என்ற பதில். அது போதும் திரும்பிப் போக. கால் திரும்பியும் விட்டது. பிடித்து நிறுத்தித் திரும்பவும் தட்டினேன்.

கதவைத் திறந்தார். நான் இரண்டு கையாலும் நீட்டினேன். "நோ கிளீனிங் மேடம். புக். மை ஹவுஸ்."

முதலில் அவருக்குப் புரியவில்லை. அட்டையைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டார். வாசலிலேயே நின்று புரட்டினார். தமிழைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார், ஆனால் அதற்குப் பக்கத்தில் கணவரின் எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கட்டைவிரலால் தடவினார். பிறகு முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார். வெள்ளைப் பக்கங்கள் வந்தன. நீலக் கோட்டின்மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார்.

"ஐ டிட், மேடம். எஸ்டர்டே. ரப்பர்."

"ஒய்?"

இந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக வரும் எத்தனை வாக்கியங்களை நான் படித்திருக்கிறேன்! அந்தப் புத்தகத்திலேயே ஐம்பது இருக்கும். ஒன்றும் வரவில்லை. "பிகாஸ்" என்று ஆரம்பித்துவிட்டு நின்றேன். அவர் காத்திருந்தார். "பிகாஸ் ஐ அஃப்ரெய்ட்."

கதவை மெதுவாகச் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அங்கிருந்து மேனேஜரிடம் போய்ச் சேகர் அண்ணன்மேல் தப்பில்லை, எடுத்தது நான் என்று சொன்னேன். அவர் என்னை நம்புவதற்கே நேரம் பிடித்தது. "நீங்களா? நீங்க எதுக்கு?" என்று இரண்டு முறை கேட்டார். விருந்தாளி கிளம்பும்வரை அறைகள் பக்கம் போகக் கூடாது, லாண்டரியில் இருங்கள், பிறகு முடிவு சொல்கிறேன் என்றார்.

லாண்டரியில் சேகர் அண்ணன் துணி பிழியும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தார். இரண்டு மூட்டை துணியைப் பிழிந்து எடுத்தார். அப்புறம் ஆரம்பித்தார்.

"நான் செங்கல்பட்டு வெயில்ல மூட்டையப் பிரிச்சிப் பிரிச்சிப் போட்டுகினு கீறேன். நீ வூட்ல குந்திகினு கீற."

"தப்புதாண்ணா."

"காலைல நான் மூணு புக்கக் காட்டுனப்போ, பையில வச்சிகினே இல்லன்னு சொன்ன."

"ஆமாண்ணா."

இன்னும் ஒரு மூட்டை துணியைப் போட்டார். "கதையாவது நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுண்ணா."

"அது வரைக்கும் சரி" என்றார். அவர் என்னை மன்னித்தாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் சூப்பர்வைசர் அம்மா ஓடி வந்தார். "அந்தம்மா உன்னக் கூப்புட்றாங்க. முகத்தக் கழுவிகினு போ."

வராந்தா மேசைமேல் புத்தகமும் விடுதியின் வெள்ளைத் தாள்களும் ஒரு பென்சிலும் இருந்தன. எதிர் நாற்காலியைக் காட்டினார். விருந்தாளிக்கு எதிரில் நான் உட்கார்ந்ததே இல்லை. விளிம்பில் உட்கார்ந்தேன். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மகன் வெளிநாட்டில் இங்கிலீஷ்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். பேரனுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் பேச வரும். அவனோடு பேசுவதற்காகத்தான் கணவர் அந்த வயதில் படிக்க ஆரம்பித்தார். பிறகு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து முதல் நீலக் கோட்டைத் தொட்டார்.

"இங்கே என்ன எழுதியிருந்தார்?"

பென்சிலை எடுத்துப் புத்தகத்தில் எழுதப் போனேன். அவர் கையைக் குறுக்கே வைத்தார். "புத்தகத்தில் வேண்டாம். அது உன் கையெழுத்து." தாளைக் காட்டினார்.

வாய்தான் எனக்கு வராது. கை வரும். அந்தப் பதினோரு பக்கத்தில் நாற்பத்தொரு நீலக் கோடுகள். கண்ணை மூடினால் ஒவ்வொன்றுக்கும் மேலே அவர் எழுத்து தெரிந்தது. எழுதிக்கொண்டே போனேன். நாலாவது பக்கத்தில் "பிடிவாதம்" என்று பொருள்படும் ஒரு இங்கிலீஷ் சொல். அதற்கு மேலே அவர் எழுதியிருந்ததை, எழுத்தின் தலைக்கு மேலே வரும் சின்னக் கோடுகளோடு அப்படியே எழுதினேன். அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இது என்ன?"

"பிரெஞ்சு வேர்ட், மேடம்." பிடிவாதத்துக்குப் பிரெஞ்சில் இப்படித்தான் சொல்வார்கள் என்று இரண்டு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் தன் நெஞ்சில் விரல் வைத்தார். "எலென். மை நேம்."

எனக்கு எங்கே போய் ஒளிவதென்று தெரியவில்லை. அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சிரித்துக்கொண்டே எழுந்து தோட்டத்தைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அடுத்த கோட்டைத் தொட்டார், இன்னும் வேகமாக.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முப்பத்தெட்டு எழுதியாயிற்று. மூன்று வரவில்லை. முதுகைத் திருப்பினேன், கண்ணை மூடினேன், முந்தைய வரியிலிருந்து ஓடி வந்து பார்த்தேன். வரவில்லை. மாற்றுத் துண்டு வைக்கும் சாக்கில் சூப்பர்வைசர் அம்மா வந்து குனிந்து காதில் சொன்னார்: "எதுனா ஒண்ணு எழுதிக் குடுத்துடுடி. அவங்களுக்கு இன்னா தெரியப்போவுது? சந்தோசமா போவட்டும்."

உண்மைதான். தெரியப்போவதில்லை. அந்த மூன்று இடங்களில் ஒன்று, "பழகிப்போனது" என்று நான் தமிழில் எழுதியிருந்த ஒரு சொல்லுக்கு மேலே இருந்தது. அங்கே "எலென்" என்று எழுதினால் போதும். அவர் அழுதிருப்பார். என்னைக் கட்டிக்கொண்டிருப்பார். மேனேஜரிடம் எனக்காகப் பேசியிருப்பார். பென்சில் முனை தாளில் பட்டும் விட்டது. ஒரு புள்ளி விழுந்தது.

நான் அவரிடமிருந்து ஒருமுறை எடுத்தாயிற்று. இல்லாததைக் கொடுத்தால் அது இரண்டாவது முறை எடுப்பதுதான். பென்சிலைக் கீழே வைத்தேன்.

"நாட் கம்மிங், மேடம். த்ரீ."

அவர் அந்த மூன்று வெற்றிடங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வற்புறுத்தவில்லை. தாள்களை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தார். நன்றி சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை கார் ஏறினார்.

மேனேஜர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மூன்று மாதம் லாண்டரியில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப அறைகளுக்கு அனுப்பினார். அதிலிருந்து ஒரு புத்தகத்தையும் நான் கையெழுத்துப் போடாமல் எடுத்ததில்லை. சிரித்தார்கள். சிரிப்பு ஒரு வாரத்தில் தீர்ந்துபோயிற்று. ஒரு வாரச் சிரிப்புக்கா இத்தனையும் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் படிக்க ஆசைப்பட்டால் எல்லோர் கண்ணெதிரிலும் படியுங்கள். எழுத வேண்டுமென்றால் உங்கள் நோட்டில் எழுதுங்கள். தப்பு நடந்துவிட்டால் அதை எடுத்துக்கொண்டு, இருக்கிற கோலத்திலேயே, நேராகப் போய் நில்லுங்கள். சரிசெய்துவிட்டுப் போகலாம் என்று கை பரபரக்கும். அந்தக் கையைத்தான் நம்பக் கூடாது.

இரண்டு மாதம் கழித்து மூன்றில் ஒன்று வந்தது. லாண்டரியில் மெத்தை விரிப்பை உதறிக்கொண்டிருந்தேன், சட்டென்று கண்முன் வந்து நின்றது. விரிப்பை அப்படியே போட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த பெண், விருந்தாளி கொடுத்திருந்த முகவரிக்கு மெயில் அனுப்பினாள். பதில் இல்லை. அடுத்த வருஷம் செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது இன்னொன்று வந்தது. டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். அதையும் அனுப்பச் சொன்னேன். நாலு நாளில் பதில் வந்தது. வணக்கம் இல்லை, பெயர் இல்லை. ஒரே வரி.

"மூன்றாவது?"

அந்தப் "பழகிப்போனது"தான் இன்னும் வரவில்லை. காலையில் வாசல் தெளிக்கும்போது, சோறு வடிக்கும்போது, உங்களுக்கு இதை எழுதும்போதும், உள்ளே தேடிக்கொண்டேதான் இருக்கிறேன். நீலக் கோடு தெரிகிறது. அதன்மேல் சின்னதாக ஏதோ இருப்பதும் தெரிகிறது. எலென் என்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று மனசு அதையே காட்டப் பார்க்கிறது. அதனால்தான் நான் அதை நம்பவில்லை. அந்த அம்மாவுக்கு இன்னும் பதில் போடவில்லை.